ஓநாய் பேசாது

"ஞாயித்துக்கிழமை படத்துக்கு நானும் வரேண்ணே" என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நாகரத்தினம் சொன்னபோது காளியண்ணனின் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

"நீங்க இங்கிலீஷ் படத்துக்கு விளக்கம் சொல்ற அழகைப் பத்தித்தான் லயத்து வீடுங்க முழுக்கப் பேச்சு. நான் இந்த எஸ்டேட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு, இன்னும் பாக்கக் கொடுத்து வைக்கல. பேசாதீங்க, இன்னும் அரை நிமிஷம் வாயிலயே இருக்கட்டும்."

காளியண்ணனின் கண் வாசல் கதவைத் தேடியது.

நாகரத்தினம் தெர்மாமீட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. அப்புறம் ஏண்ணே இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது?"

"அது... உள்சூடுங்கய்யா."

இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர் மருந்தை வாங்காமலே வெளியே நடந்தார். இருமல் தானாகவே நின்றுபோயிருந்தது.

விஷயம் இதுதான். காளியண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அவர் மூன்று வருடம் நாய்களைப் பார்த்துக்கொண்டார். நான்கு நாய்கள். துரை அந்த நாய்களோடு பேசியதுதான் காளியண்ணன் படித்த இங்கிலீஷ். கம், கோ, சிட், நோ, குட் பாய். கடைசிச் சொல்லைத் துரை நாயைப் பார்த்துச் சொன்னாரா, தன்னைப் பார்த்துச் சொன்னாரா என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம்.

எஸ்டேட் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு வீடியோ போடத் தொடங்கியபோது முதலில் வந்தது ஓர் இங்கிலீஷ் பேய்ப்படம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகளில் சொந்த டிவி இருந்ததால் அவர்கள் மண்டபத்துப் பக்கம் வருவதில்லை. படித்த பிள்ளைகளுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, இங்கிலீஷ் எட்டிக்காய். "நம்ம காளியண்ணன் துரை பங்களாவுல இருந்தவராச்சே!" என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். காளியண்ணன் எழுந்து நின்றார், திரையில் தெரிந்த முகங்களைப் பார்த்தார், வாயில் வந்ததைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

அன்றிலிருந்து டிவிக்கு வலப்பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி அவருக்கென்று விழுந்தது. படம் முடிந்ததும் முதல் கோப்பைத் தேத்தண்ணியும் அவருக்குத்தான். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷின் பக்கம் அவருக்கு வேலை. ஆறு நாளும் அந்த இரைச்சலில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டாலும் காதில் விழாது. மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் நூறு பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். மனைவி ரஞ்சிதம் அன்றைக்கு மட்டும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்காருவாள். அந்த நாற்காலி போய்விட்டால் என்ன மிச்சம் என்று நினைத்தபோது காளியண்ணனுக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

இந்த இரகசியம் தெரிந்த இன்னோர் ஆள், பக்கத்து மெஷின்காரன் சுப்பன்.

"அந்த டிரஸ்ஸரு பினாங்குல நாலு தேசத்து டாக்டருங்களோட வேலை பாத்தவரு. கனவுகூட இங்கிலீஷ்லதான் காண்பாரு. உன் கதை முடிஞ்சுதுலா" என்றான் சுப்பன்.

"பேச்சு கம்மியா இருக்கற படமா எடுத்துட்டா?"

"எங்க கிடைக்கும் அப்படி? வெள்ளைக்காரன் சாகும்போதுகூட அரை மணி நேரம் பேசிட்டுத்தானே சாவறான்!"

சனிக்கிழமை எஸ்டேட் லோரியில் தொற்றிக்கொண்டு காளியண்ணன் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார். வீடியோக் கடைச் சீன முதலாளி, தவுக்கே, கேசட்டுகளைப் பரப்பினார். துப்பாக்கிப் படம், காதல் படம், கோர்ட் படம். எல்லா அட்டையிலும் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். காளியண்ணன் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார்.

அடியில் கிடந்த ஒன்று கண்ணில் பட்டது. அட்டையில் ஒரு மனிதன், பாதி முகம் ஓநாய். பக்கத்தில் ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு நின்றாள். படத்தின் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள். ஓநாயின் கண்ணாக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இது என்னா படம் தவுக்கே?"

"ஓநாய் லா. பௌர்ணமி வந்தா மனுஷன் ஓநாய் ஆவான். பினாங்குல ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்குனது. நம்ம ஊருல எவனும் பாக்கல. எடுத்தவனும் பாதியில திருப்பிக் குடுத்துட்டான்."

"அவ்வளவு பயமா?"

"தெரியாது லா. நானும் பாக்கல."

காளியண்ணனின் முகம் மலர்ந்தது. ஓநாய் பேசுமா? பேசாது. ஊளையிடும், உறுமும், முறைக்கும். நான்கு நாய்களோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு ஊளைக்கு அர்த்தம் சொல்ல எந்த டிரஸ்ஸரின் தயவும் தேவையில்லை. கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இருந்தாலும் முழுசாக நம்பிவிட முடியுமா? ஞாயிறு மத்தியானம் சுப்பனைப் பிடித்தார்.

"சரியா ரெண்டரை மணிக்கு உனக்கு வயித்துவலி வரணும்."

"எனக்கா? ஏன்?"

"நீ ஆஸ்பத்திரியில படுத்து உருண்டா டிரஸ்ஸர் உன் பக்கத்துலயே இருந்தாகணும். படம் முடியற வரைக்கும் உருளு."

"நானும் படம் பாக்கணும்லா!"

"அடுத்த தடவை என் தேத்தண்ணி உனக்கு."

சுப்பன் ஒத்துக்கொண்டான்.

மூன்று மணி. மண்டபத்தின் ஜன்னல்களைத் தேயிலைச் சாக்குகளால் அடைத்து இருட்டாக்கியிருந்தார்கள். வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது, உள்ளே நூறு கம்பளிகளின் வாசம். காளியண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் அமர்ந்து வாசலைப் பார்த்தார். டிரஸ்ஸரைக் காணவில்லை. நிம்மதியாகக் கேசட்டைப் போடச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

அப்போது கதவு திறந்தது. நாகரத்தினம் சுப்பனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"வழி விடுங்க, வழி விடுங்க! வயித்துவலிக்காரரு. தனியா விட்டுட்டு வர மனசில்ல. படத்தையும் பாத்தாப்பல இருக்கும், இவரையும் பாத்தாப்பல இருக்கும். முன்னால இடம் குடுங்க!"

மரியாதையாக முன் வரிசையில் இடம் விட்டார்கள். பின்னால் எங்கோ உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் இப்போது பிரம்பு நாற்காலிக்கு இரண்டு முழத்தில். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று.

சுப்பன் பரிதாபமாக முனகினான். "ஒரு குவளை விளக்கெண்ணெய் குடுத்துட்டாரு காளி. இப்ப நெசமாவே வலிக்குது."

படம் தொடங்கியது.

ஓநாய் வரவில்லை. ஒரு சாராயக் கடை வந்தது. அதில் ஒரு கிழவனும் ஒரு வாலிபனும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஓநாய்ப் படத்தில் இத்தனை பேச்சு இருக்கும் என்று காளியண்ணன் கனவிலும் நினைக்கவில்லை.

நாகரத்தினம் புருவத்தை உயர்த்தி டிவியைப் பார்த்தார். அப்புறம் திரும்பிக் காளியண்ணனைப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

செத்தோம் என்று காளியண்ணன் நினைத்தார்.

"அண்ணே, என்னா சொல்றாரு கிழவரு?" கேட்டவள் வேலாயி. கொழுந்து எடுக்கும் பெண்களில் வாய் நீளமானவள். தேயிலைச் சரிவில் பாம்பைக் கண்டால் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் இரண்டாக நறுக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறவள்.

"கிழவரு சொல்றாரு, தம்பி, உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. பௌர்ணமியில வெளிய சுத்தாதே. ஊருல ஓநாய் நடமாட்டம் இருக்கு, ஜாக்கிரதைன்னு கண்ணீர் விடறாரு."

திரையில் கிழவனும் வாலிபனும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"சிரிக்கறானுங்களே!"

"கல்யாணம்னு சொன்னதும் சிரிப்பு வந்துடுச்சு."

ஆண்கள் பக்கமிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. நாகரத்தினத்தின் பென்சில் வேகமாக ஓடியது. காளியண்ணன் நைசாகக் கையை நீட்டி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பேச்சே கேட்காவிட்டால் தப்பு எங்கே பிடிப்பது?

"அண்ணே, சத்தத்தக் குறைக்காதீங்க" என்றார் நாகரத்தினம். "இன்னும் கூட்டி வைங்க. அவங்க பேசறதையும் நீங்க சொல்றதையும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

காளியண்ணன் சத்தத்தைக் கூட்டினார். அவசரத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே கூடிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் நிலா எழும்பி, எங்கோ ஓர் ஊளை கிளம்பியது. மண்டபமே கிடுகிடுத்தது. சுப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"அண்ணே, இது சரியில்ல" என்றாள் வேலாயி. "பௌர்ணமிக்கா பேய் வரும்? அமாவாசைக்குத்தானே வரும்! பௌர்ணமிக்கு நாம கோயில்ல விளக்குப் பூசையில்ல செய்றோம்?"

மண்டபம் முழுவதும் அதையே கேட்டது. நாகரத்தினமும் பென்சிலோடு காத்திருந்தார்.

"வெள்ளைக்காரன் ஊருல எல்லாம் தலைகீழ்" என்றார் காளியண்ணன். "இங்க பகல்னா அங்க ராத்திரி. அப்ப இங்க அமாவாசைன்னா அங்க என்னா?"

"பௌர்ணமி!" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. வேலாயிக்கும் திருப்தி.

திரையில் வாலிபனின் கைகளில் மயிர் முளைத்தது. சட்டை கிழிந்தது. தாடை நீண்டது. பாம்பை நறுக்குகிற வேலாயி தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். பிள்ளைகள் அம்மாக்களின் மடிக்குள் புகுந்தார்கள். ரஞ்சிதம்கூடக் கண்ணை மூடிக்கொண்டாள். காளியண்ணனும் காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். ஆனால் அவர் ஓநாயின் காதைப் பார்த்துவிட்டார். அந்தக் காது அவருக்கு மிகவும் பழக்கமான காது.

"யாரும் பயப்படாதீங்க! காதைப் பாருங்க, பின்னால மடிஞ்சிருக்கு. வாலு எங்க இருக்கு? காலு சந்துல. துரை வீட்டு நாயி குளிப்பாட்டற அன்னிக்கு இப்படித்தான் நிக்கும். அது நம்மளக் கடிக்க வரல. பிடிச்சுக் குளிப்பாட்டிடுவாங்களோன்னு பயந்து ஓடுது!"

ஓநாய் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்தது, போய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக விழுந்தது.

மண்டபம் வெடித்தது. கம்பளிக்குள் இருந்த தலைகளெல்லாம் வெளியே வந்தன. அலறுவதற்காகத் திறந்த வாய்களெல்லாம் சிரித்தன. நாகரத்தினத்தின் தோள்கள் குலுங்கின. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று காளியண்ணனுக்குச் சுருக்கென்றது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை, ஓநாய் தொட்டியிலிருந்து எழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு காளியண்ணன் யாரைப் பற்றியும் கவலைப்படவில்லை. ஆட்கள் பேசும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஓநாய் வரும்போது மனசுக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஓநாய் உறுமினால் அலறினார்கள். "அது பல்லுல ஏதோ மாட்டிக்கிட்ட உறுமல்" என்றால் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அது இருட்டிலிருந்து பாய்ந்தது, மறுபடி அலறினார்கள். திகிலும் சிரிப்பும் மாறி மாறி வந்ததில் சிலருக்கு எங்கே அலறுவது, எங்கே சிரிப்பது என்றே குழம்பிப்போய் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். சுப்பன் ஒவ்வொரு அலறலுக்கும் வெளியே ஓடி, ஒவ்வொரு சிரிப்புக்கும் "என்னா ஆச்சு, என்னா ஆச்சு?" என்று திரும்பி வந்தான்.

கடைசியில் ஓநாய் கல்யாணப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அண்ணாந்து ஊளையிட்டது.

"இது பசி ஊளை இல்ல" என்றார் காளியண்ணன் மெதுவாக. "கதவத் திறந்து விடுங்கற ஊளை. மழையில நனைஞ்சுட்டு நாயி இப்படித்தான் கத்தும். பாவம், அதுக்குப் போக்கிடம் இல்ல."

கதவு திறந்தது. துடைப்பத்தோடு பெண் வந்தாள். ஓநாய் பல்லைக் காட்டியது. அவள் துடைப்பத்தை நீட்டி ஒரே சொல் சொன்னாள்.

"சிட்ஸ்!"

காளியண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றரை மணி நேரப் படத்தில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் அது. கடைசியில் ஒரு ஸ் கூடுதலாக இருந்தது. பெரிய இடத்துப் பெண், அழுத்திச் சொல்கிறாள் போலும்.

"உட்காருன்னு சொல்றா!" என்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே கத்தினார். "இப்ப அது உக்காரும் பாருங்க!"

ஓநாய் உட்கார்ந்தது. வாலை ஆட்டியது.

அந்த எஸ்டேட்டில் தீபாவளிக்குக்கூட அப்படி ஒரு கைதட்டல் எழுந்ததில்லை. படத்தில் விடிந்தது, ஓநாய் மறுபடி வாலிபனாகி, திரைச்சீலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவளிடம் ஏதோ கெஞ்சினான். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி பேர் கூப்பிட்டுடுவாரு, சட்டையக் குடுங்கறான்" என்றார் காளியண்ணன். தினமும் விடியற்காலையில் பேர் கொடுக்க ஓடுகிற ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சாக்குகளை இறக்கினார்கள். வெளிச்சத்தில் எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

வேலாயி மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பேய்ப்படம் பாத்தா ஒரு வாரம் தூக்கம் போவும்ணே. சிரிப்புப் படம் பாத்தா வாசப்படி தாண்டறதுக்குள்ள மறந்துடும். இது பயத்தையும் குடுத்து, அந்தப் பயத்தத் தொடைச்சும் விடுது! மலையில ஆறு நாளும் கொழுந்து எடுத்த வலி காணாமப் போச்சு. அடுத்த மாசமும் ஓநாய்தான், சொல்லிட்டேன்!"

"ஆமாலா, ஓநாய்தான்!" என்றது கூட்டம். ரஞ்சிதம் முதல் கோப்பைத் தேத்தண்ணியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அவரிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது காளியண்ணனால் ஒரு மடக்குக்கூட விழுங்க முடியவில்லை.

ஏனென்றால் நாகரத்தினம் இன்னும் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுத்து நிரம்பியிருந்தது. அத்தனையும் தன் தப்புகள் என்று காளியண்ணன் முடிவுகட்டினார். நாளைக் காலை பெரட்டில் எஸ்டேட்டுக்கே தெரிந்துவிடும். ரஞ்சிதத்துக்கும் தெரிந்துவிடும்.

மற்றவர் வாயால் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். காளியண்ணன் கோப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் அவர் முன்னால் நின்றார். இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார்.

"ஐயா, நீங்க நாலு பேர் முன்னால சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. நாய்கிட்ட பேசற அஞ்சு வார்த்தையைத் தவிர ஒண்ணுமே தெரியாது. நாற்காலியை நீங்களே எடுத்துக்குங்க."

நாகரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணும் சிவந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இங்கிலீஷ் தெரியாட்டிப் போவுது, விடுங்கண்ணே! படத்துல எவன் இங்கிலீஷ் பேசுனான்? பினாங்குல ஒரு டாக்டரம்மா என்னைத் திட்டுவாங்களே, அதே ஜெர்மன் பாஷையில்ல ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்! எனக்கு ஒரு எழவும் புரியாம, அவங்க பேச்சு ஒரு பக்கம், நீங்க சொன்ன அர்த்தம் ஒரு பக்கம்னு வரி வரியா எழுதி வச்சிருக்கேன். அந்த ஜெர்மனை மட்டும் எங்கண்ணே இவ்வளவு சுத்தமாக் கத்துக்கிட்டீங்க?"